மார்ச் மாதத்து நான்காவது நாற்காலி

அந்த வருடம் வியன்னாவில் யாரும் யாரையும் "சௌக்கியமா?" என்று கேட்கவில்லை. "நீங்க எந்த மாசம்?" என்றுதான் கேட்டார்கள்.

டிராமில் கேட்டார்கள். கசாப்புக் கடையில் கேட்டார்கள். பல் பிடுங்கும் வைத்தியர் இடுக்கியை வாய்க்குள் நுழைத்துக்கொண்டே கேட்டார். ஜனவரி என்றால் எழுந்து இடம் கொடுத்தார்கள். மொசார்ட்டும் ஷூபர்ட்டும் பிறந்த மாதமாயிற்றே! டிசம்பர் என்றால் சற்று ஒதுங்கி உட்கார்ந்தார்கள். பீத்தோவன் மாதக்காரர்களுக்கு எப்போது கோபம் வரும் என்று சொல்ல முடியாதாம். மே என்றால் பிராம்ஸ். அக்டோபர் என்றால் லிஸ்ட். ஜூன் என்றால் ஷூமான். ஜூலை என்று யாராவது சொல்லிவிட்டால், பாவம் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

இந்தக் கூத்தை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தவர் புரொஃபசர் கஸிமிர். எந்தப் பல்கலைக்கழகத்தில் புரொஃபசர் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு. மூக்குக் கண்ணாடி போட்டிருந்தால் டாக்டர். கூடவே தாடியும் இருந்தால் புரொஃபசர். சக்கரவர்த்தி போன பிறகு எங்களிடம் தாராளமாக மிஞ்சியவை இந்தப் பட்டங்கள்தான். யுத்தத்தில் நாடு போயிற்று. அதன் பின் ஏறிய விலைவாசியில் சேமிப்பு போயிற்று. ஆயுள் முழுக்கச் சேர்த்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கடைக்காரன் ஒரு ரொட்டி கொடுத்தான். எங்களுக்கென்று பெருமையடிக்க மீதி இருந்தவர்கள் செத்துப்போன இசைமேதைகள் மட்டுமே. அவர்களையும் ஒருவர் டிக்கெட் போட்டு விற்க வந்தால் வாங்காமல் இருப்போமா?

புரொஃபசரின் தத்துவம் எளிமையானது. எளிமையாக இருந்தால்தானே விற்கும்? ஒவ்வொரு மாதமும் மேலுலகத்தில் ஒரு வீடு. அந்த மாதத்தில் பிறந்த இசைமேதைகள் செத்த பிறகு அந்த வீட்டில் குடியிருக்கிறார்கள். வருடத்தில் அந்த ஒரு மாதம் மட்டும் கதவு திறக்கும். அப்போது அவர்கள் இறங்கி வந்து, அதே மாதத்தில் பிறந்தவர்களின் கைகளில் தங்குவார்கள். தங்க வைக்கப் புரொஃபசரால் முடியும். அதற்குக் 'கை திறப்பு' என்று பெயர். கட்டணம் தனி.

மார்ச் மாதம் வந்ததும் கூட்டம் தெருமுனைவரை நின்றது. மார்ச் என்றால் சும்மாவா? பாஹ், ஹைடன், ஷோபன் என்று மூன்று பெரிய தலைகள். முன்பு நடனப் பள்ளியாக இருந்த மண்டபத்தில், மேடைமேல் கறுப்புப் பட்டு போர்த்திய மூன்று நாற்காலிகள். நடுவில் ஒரு பியானோ. அதன்முன் புரொஃபசரின் அக்கா மகள் மிலேனா, கண்ணைக் கட்டிக்கொண்டு, வெள்ளை உடையில். புரொஃபசர் கையை உயர்த்தி "வருகிறார்" என்பார். நாற்காலிகளில் ஒன்று லேசாக ஆடும். மிலேனாவின் தலை பின்னால் சாயும். பிறகு, மேதை மேலுலகத்தில் புதிதாக எழுதிய பாட்டு அவள் விரல் வழியாக வரும். பெண்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். ஓய்வுபெற்ற ராணுவ மேஜர்கள் கைக்குட்டை இல்லாமல் மூக்கை உறிஞ்சுவார்கள்.

ஒரு நாள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் எழுந்தார். பாஹ் பிறந்தபோது அவர் ஊரில் பழைய காலண்டர்தான் நடப்பில் இருந்தது, இன்றைய கணக்கில் தேதி தள்ளிப் போகுமே என்றார். "ஆவிகளுக்கு ஏதய்யா காலண்டர்?" என்றார் புரொஃபசர். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. காலண்டர் இல்லாத ஆவிக்கு மாதம் மட்டும் எப்படி வந்தது என்று வாத்தியார் கேட்க வாயெடுப்பதற்குள், பின்வரிசைக்காரர் ஒருவர் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்.

இழுத்தவர் பெயர் டாக்டர் ஆல்பின் ட்ராக்ஸ்லர். இந்தக் கதை அவருடையது. இதில் அவரைப் பற்றி வரும் வசவுகள் பெரும்பாலும் அவரே பிற்பாடு கஃபேயில் உட்கார்ந்து தன்னைத் தானே திட்டிக்கொண்டவை. நான் சேர்த்தது கொஞ்சம்தான்.

ஆல்பின் ஒரு தினசரிப் பத்திரிகையில் இசை விமர்சகர். ஊரில் எந்தப் பியானோக்காரன் புதிதாக மேடையேறினாலும் மறுநாள் காலை அவன் முதலில் பிரித்துப் பார்ப்பது இவருடைய பத்தியைத்தான். "இவருக்குப் பத்து விரல்கள் இருக்கின்றன என்பதைத் தவிர வேறெதையும் நேற்று நிரூபிக்கவில்லை" என்கிற மாதிரி வாக்கியங்களை எழுதிவிட்டு, அதைத் தானே இரண்டு தடவை உரக்கப் படித்துச் சிரித்துக்கொள்கிற மனிதர்.

இளமையில் அவரும் பியானோவுக்கு ஒரு பெரிய படைப்பு எழுதினார். ஒரே ஒரு தடவை அரங்கேறியது. கூட்டம் இருமியது. குளிர்காலம், அதனால் இருமினார்கள் என்று ஆல்பின் இருபது வருடமாகச் சொல்லிவருகிறார். அரங்கேறியது மே மாதத்தில்.

புரொஃபசர் கஸிமிரைக் கிழித்துத் தொங்கவிடத்தான் அவர் முதலில் போனார். டிராமிலேயே கடைசி வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டார். ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் புரொஃபசர் மேடையிலிருந்து இறங்கி நேராக இவரிடம் வந்து, இவருடைய இடது கையைப் பிடித்துக் கண்ணை மூடினார்.

"மார்ச்," என்றார். "ஒன்பதாம் தேதி. ஷோபன் இந்தக் கையில எத்தனையோ வருஷமா உக்காந்திருக்கார், டாக்டர் ஐயா. ஆனா யாரும் அவரை வெளியே விடல. உலகம் இருமுச்சு. இல்லையா?"

ஆல்பினுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவருடைய பிறந்த நாள் புரொஃபசருக்கு எப்படித் தெரிந்தது? 'நமது விமர்சகருக்கு இன்று பிறந்த நாள்' என்று பத்து நாள் முன்பு பத்திரிகையில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர் ஆல்பினேதான். இருமல் விவகாரம்? அதை அவர் கஃபேயில் சந்திக்கிற எல்லோரிடமும் சொல்லி அழுதிருந்தார். இரண்டும் அந்த நிமிடம் அவருக்கு ஞாபகம் வரவில்லை. புகழ்கிறவன் எதிரே நிற்கும்போது ஞாபகம் வருகிற மனிதனை நான் இன்னும் பார்க்கவில்லை.

"மூணு நாற்காலி பாத்தீங்கள்ல? நாலாவது ஒண்ணு செய்யச் சொல்லியிருக்கேன்," என்றார் புரொஃபசர். "உயிரோட இருக்கிறவருக்கு. யாருக்குன்னு நான் சொல்லணுமா?"

மறுநாள் பத்திரிகையில் ஆல்பினின் கட்டுரை: 'என் காதே சாட்சி.' அதற்கு மறுநாள் கூட்டம் இரண்டு தெருமுனைவரை நின்றது.

ஆல்பினின் மனைவி ஹெர்மினே வீட்டில் பியானோ சொல்லிக் கொடுப்பவள். காலையில் ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டே கட்டுரையைப் படித்தாள்.

"என்ன எழுதியிருக்கே நீ?"

"என் காது கேட்டதை எழுதியிருக்கேன்."

"உன் காதா? போன மாசம் பூரா குழாய் சொட்டுச்சு. கேக்கவே இல்லன்னியே."

"இது வேற காது, ஹெர்மினே."

"சரி. வருஷத்துக்கு எத்தனை மாசம்?"

"என்ன கேள்வி இது? பன்னிரண்டு."

"பியானோவுக்கு எழுதின பெரிய ஆளுங்க எத்தனை பேர்?"

"நூறு பேராவது இருப்பாங்க."

"பன்னிரண்டு டப்பாவை வரிசையா வச்சு நூறு கோலிக்குண்டை வீசினா, எந்த டப்பாவுலதான் ரெண்டு மூணு விழாது? இதுக்கு எதுக்கு மேலுலகமும் கீழுலகமும்?"

ஆல்பின் பெருமூச்சு விட்டார். பிறகு, மிகுந்த இரக்கத்தோடு, "உனக்குப் புரியாதும்மா. நீ செப்டம்பர்," என்றார்.

அந்த வாரமே ஹெர்மினேயின் மாணவர்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். ஜூலைப் பிள்ளைகளும் நவம்பர்ப் பிள்ளைகளும் பியானோவைத் தொடுவது வீண் என்று புரொஃபசர் சொல்லிவிட்டார். மார்ச் பிள்ளைகள் அவரிடமே கை திறக்கப் போய்விட்டார்கள். ஹெர்மினே பொறுத்துக்கொண்டாள். ரேசி நிற்கும்வரை.

ரேசி, ரொட்டிக்கடை ஸ்ட்ராசிலின் மகள். பதினேழு வயது. ஆறு வருடமாக ஹெர்மினேயிடம் படிக்கிறாள். ஜூனில் இசைக் கல்லூரி நுழைவுத் தேர்வு. ஒரு வெள்ளிக்கிழமை அவளுடைய அப்பா அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர். கையில் ஒரு கேக், மன்னிப்புக் கேட்க வருகிறவர் கொண்டுவருகிற அளவில்.

"டீச்சரம்மா, தப்பா நினைக்காதீங்க. ரேசி இனிமே வர மாட்டா. திங்கக்கிழமை பியானோவை எடுத்துட்டுப் போக ஆள் வருது. வித்தாச்சு."

"வித்தாச்சா? ஜூன்ல தேர்வு, ஸ்ட்ராசில்!"

"அவ ஜூலைம்மா. ஜூலை வீட்டுல யாருமே குடியில்லையாம். இந்தக் கை மாவு பிசையத்தான் ஆகும்னு புரொஃபசரே புடிச்சுப் பாத்துச் சொல்லிட்டார். ஆனா நம்ம பையன் போல்டி மார்ச்! ஹைடன் மாசம்! பியானோ வித்த பணத்துல அவனுக்குக் கை திறக்கப் போறோம்."

"போல்டிக்கா? அவனுக்குத் தேவாலய மணிக்கும் டிராம் மணிக்கும் வித்தியாசம் தெரியாதே!"

"அது கை மூடியிருக்கிறதால," என்றார் ஸ்ட்ராசில். அப்புறம் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பத்திரிகையை எடுத்தார். "நானா சொல்றேன்? நம்ம டாக்டர் ஐயாவே எழுதியிருக்காரே. படிச்சவர் பொய் சொல்வாரா?"

ஆல்பின் கதவருகே நின்றிருந்தார். படிச்சவர் என்ற சொல் அவருக்கு இதமாகத்தான் இருந்தது. அப்போது ரேசி அவர் பக்கம் திரும்பினாள். அழவில்லை.

"ஐயா, ஆறு வருஷமா நான் இங்க வாசிக்கும்போது நீங்க அடுத்த ரூம்லதான் உக்காந்து எழுதுவீங்க. நல்லா இல்லையா என் வாசிப்பு? நீங்க சொன்னா நிறுத்திக்கிறேன்."

ஆல்பினுக்குத் தெரியும். அவள் வாசிக்கிற சில நாட்களில் அவர் பேனாவை வைத்துவிட்டு, கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக் கேட்டிருக்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்கு நாற்காலி கொடுக்கப் போகிறார்கள். புதுக் கோட்டுக்கு அளவுகூடக் கொடுத்தாகிவிட்டது.

"வாசிப்பு நல்லாத்தான் இருக்கு, பொண்ணே," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "ஆனா காது கேக்கறது ஒண்ணு. விஞ்ஞானம் சொல்றது ஒண்ணு."

அவர்கள் போன பிறகு ஹெர்மினே கேக்கை வெட்டாமல் அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"ஊருக்கு உன் காது சாட்சி. இந்தப் பொண்ணுக்கு மட்டும் காது வேண்டாமா?" என்றாள்.

ஆல்பின் எழுந்தார். மாட்டிக்கொண்டால் விமர்சகர்கள் செய்வதைச் செய்தார். மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கஃபேவுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையில் நான்காவது நாற்காலி வந்திருந்தது. ஆல்பின் முதல் வரிசையில், புதுக் கோட்டில். பக்கத்தில் ஸ்ட்ராசில் குடும்பம்: அப்பா, ரேசி, கழுத்துப் பட்டியில் மூச்சுத் திணறும் போல்டி. நான்கு வரிசை தள்ளி ஹெர்மினே. அவளுக்குப் பக்கத்தில் ஒரு தடித்த ஆள், இறுக்கமான ஞாயிற்றுக்கிழமை உடையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு. எங்கேயோ பார்த்த முகம். ஓ, நம் வீட்டுக்குக் கரி போடுகிற ஆள்! பதினோரு வருடமாக ஆல்பின் அவருடைய கரியில் குளிர் காய்கிறார். பெயர் கேட்டதில்லை. இவரை எதுக்கு இவள் கூட்டி வந்திருக்கிறாள் என்று எரிச்சலாக இருந்தது. கோட்டில் கரி ஒட்டுமே.

பாஹ் வந்து போனார். ஹைடன் வந்து போனார். கைக்குட்டைகள் நனைந்தன. நான்காவது நாற்காலியை ஆல்பினுக்குக் கொடுப்பதற்கு முன்னால், வழக்கம்போல, "சபையில யாராவது மார்ச் வீட்டிலிருந்து யாரையாவது அழைக்கணும்னு விரும்பினா சொல்லலாம்," என்றார் புரொஃபசர்.

ஹெர்மினே எழுந்தாள்.

"புரொஃபசர் ஐயா, எனக்கு ஒருத்தரைக் கேக்கணும். அதிகம் பேருக்குத் தெரியாது. நெபோமுக் வோண்ட்ராக். ஹைடனோட மாணவர் ஒருத்தர்கிட்டப் படிச்சவர். மார்ச்ல பிறந்தவர். நெஞ்சு நோய்ல சின்ன வயசுலயே போயிட்டார். அவர் வருவாரா?"

புரொஃபசர் ஒரு கணம்தான் யோசித்தார். பெரிய மேதைகளைக் கேட்டால் எங்கேயாவது மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. யாருக்கும் தெரியாத ஒருவன் என்றால் வசதிதானே?

"வோண்ட்ராக்..." என்று கண்ணை மூடினார். "மார்ச் வீட்டில் பின்கட்டில் ஒரு சின்ன அறை. வெளிறிய ஒரு இளைஞன். அழைக்க ஆள் இல்லாம இத்தனை காலம் காத்திருந்தான். வருகிறான்!"

நாற்காலி ஆடியது. மிலேனாவின் தலை சாய்ந்தது. மெதுவாக, கீழ்ச் சுருதியில், இதயத்தைப் பிசைகிற மாதிரி ஒரு பாட்டு கிளம்பியது. புரொஃபசர் நடுங்கும் குரலில் ஆவிக்காகப் பேசினார்: "குளிருது... எனக்கு எப்பவும் குளிருது... என் அறையில நெருப்பே இருந்ததில்லை..."

மண்டபமே விம்மியது. மேஜர் ஒருவர் வாய்விட்டு அழுதார்.

பாட்டு முடிந்ததும் புரொஃபசர் முதல் வரிசைப் பக்கம் கையை நீட்டினார். "இந்த மகத்தான கலைஞனை உலகம் மறந்துடுச்சு. ஆனா நம்ம டாக்டர் ஐயா மறந்திருக்க மாட்டார்."

ஆயிரம் கண்கள் ஆல்பினைப் பார்த்தன. அவர் அந்தப் பெயரை வாழ்க்கையில் கேட்டதே இல்லை. கேட்டதில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் முப்பது வருடமாக அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. இப்போது, அதுவும் நாற்காலி வருகிற சமயத்தில், எப்படி வரும்?

அவர் எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"வோண்ட்ராக்," என்றார், பழைய நண்பனை நினைப்பவர்போல. "பியானோவுக்கு இரண்டு தொகுதிகள். முதல் தொகுதியில் ஹைடனின் சாயல் சற்றுத் தூக்கல். இரண்டாவதில்தான் அவர் தன் சொந்தக் குரலைக் கண்டடைகிறார். இப்போது கேட்டது சந்தேகமில்லாமல் அதே கை."

கைதட்டல். பக்கத்தில் ஸ்ட்ராசில் மட்டும் தட்டவில்லை. வாயைத் திறந்தபடி ஆல்பினைப் பார்த்தார், திரும்பி நான்கு வரிசை பின்னால் பார்த்தார், மறுபடியும் ஆல்பினைப் பார்த்தார். வியந்து போயிருக்கிறார் என்று ஆல்பின் நினைத்தார்.

"ரொம்ப நன்றி," என்றாள் ஹெர்மினே. பிறகு பக்கத்திலிருந்தவரைப் பார்த்து, "வோண்ட்ராக், கொஞ்சம் எழுந்து நில்லுங்க," என்றாள்.

கரிக்காரர் எழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டது.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றார், தொப்பியைத் திருகிக்கொண்டு. "நெபோமுக் வோண்ட்ராக் நான்தானுங்க. கரி, விறகு வியாபாரம். ஸ்ட்ராசில் ஐயா கடை அடுப்புக்கும் நான்தான் போடுறேன். நான் இன்னும் சாகல. பியானோவை மாடிக்குத் தூக்கியிருக்கேன், வாசிச்சதில்ல. நெஞ்சு நோய், ரெண்டு தொகுதி, எல்லாம் சரின்னே வச்சுக்கங்க. ஆனா குளிருதுன்னு சொன்னாரு பாருங்க, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. நான் கரி விக்கிறவனுங்க!"

மண்டபத்தில் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

புரொஃபசராக இருப்பதற்குத் தனித் திறமை வேண்டும். கஸிமிர் சிரித்தார். "மேலுலகத்தில் ஒரே பேர்ல பல பேர் உண்டு, அம்மணி. வந்தவர் வேற வோண்ட்ராக்."

"அதானே! வேற வோண்ட்ராக்!" என்றார் அழுத மேஜர். அழுத கண்ணீரை வீணாக்க யாருக்குத்தான் மனசு வரும்? "ஆமா, ஆமா!" என்று நாலா பக்கமும் குரல்கள். நம்புங்கள், முகத்துக்கு நேரே பொய் உடைந்து கிடந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பொறுக்கி ஒட்ட வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொல்றதை விடுங்க," என்றார் கஸிமிர், தைரியம் திரும்பி. "வோண்ட்ராக்னு ஒரு இசைமேதை இல்லன்னா, டாக்டர் ட்ராக்ஸ்லர் அவரோட ரெண்டு தொகுதியையும் எப்படிப் படிச்சிருப்பார்? டாக்டர் ஐயா பொய்யரா? நீங்களே சொல்லுங்க, டாக்டர் ஐயா!"

மறுபடியும் ஆயிரம் கண்கள்.

இந்த மோசடி முழுவதும் இப்போது ஒரே ஒரு தூணில் நின்றது என்பது ஆல்பினுக்குப் புரிந்தது. அந்தத் தூண் அவருடைய தலைக்கனம். 'ஆமாம், அவர் வேறு வோண்ட்ராக்' என்றால் போதும். நாற்காலி கிடைக்கும். ஊர் நம்பும். நாளைக் காலை ரொட்டிக்கடை மாடியிலிருந்து பியானோ இறங்கும். ஒருவேளை தூக்குவதற்கு இந்தக் கரிக்காரரையே கூப்பிடுவார்கள். அவர் ரேசியைப் பார்த்தார். அவள் இவரைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவை வேறு யாருடையவோ என்பதைப் போல.

"எனக்குத் தெரியாது," என்றார் ஆல்பின்.

குரல் அவருக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார்.

"எனக்கு வோண்ட்ராக்னு யாரையும் தெரியாது. ரெண்டு தொகுதின்னு சும்மா சொன்னேன். மூணுன்னு சொல்லலாமான்னுகூட யோசிச்சேன். தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்தது. இந்த ஆள் என் பிறந்த நாளைப் பேப்பர்ல பாத்திருப்பார், நான்தான் போட்டேன். எனக்கு நாற்காலி தர்றேன்னார். அதனால எழுதினேன். மத்தபடி என் காது ஒண்ணுக்கும் சாட்சி இல்ல."

முதலில் சிரித்தவர் கரிக்காரர். நல்ல பெரிய சிரிப்பு. அது வரிசை வரிசையாகப் பரவியது. கரிக்காரருக்காகச் சிரித்தார்களா, ஆல்பினுக்காகச் சிரித்தார்களா, தங்களுக்காகவா? ஆல்பினைக் கேட்டால், "என்னைப் பாத்துத்தான். இருமலுக்கு இது எவ்வளவோ மேல்," என்பார்.

மேடையில் மிலேனா கண்கட்டை அவிழ்த்தாள். அவிழ்க்க அதிக நேரம் ஆகவில்லை. கீழ் விளிம்பு வழியாக அவளுக்கு எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

"முடிஞ்சுது மாமா," என்றாள் களைப்போடு. நாற்காலிகளின் காலில் கட்டியிருந்த கறுப்பு நூலைத் தன் கால் கட்டைவிரலிலிருந்து கழற்றினாள்.

ரேசி எழுந்து மேடையருகே போனாள். "அப்ப வாசிச்சதெல்லாம் யாரு?"

"நான்தான். சினிமாக் கொட்டகையில வாசிச்சிட்டு இருந்தேன். படம் ஓடும்போது அந்தந்த இடத்துக்குத் தகுந்த மாதிரி கையில வர்றதை வாசிக்கணும். இப்ப வாசிச்சேனே, அது கதாநாயகி ஆத்துல குதிக்கிற இடத்துக்கு."

"நல்லா இருந்துச்சு," என்றாள் ரேசி, மனதார. பிறகு கேட்டாள்: "நீங்க எந்த மாசம்?"

மிலேனா மாமாவைப் பார்த்தாள். மாமா ஏற்கெனவே பின்கதவு வழியாகப் போய்விட்டிருந்தார், வசூல் பெட்டியோடு.

"ஜூலை," என்றாள்.

ஸ்ட்ராசில் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு மகனின் கழுத்துப் பட்டியைத் தளர்த்திவிட்டார். போல்டி அந்த மண்டபத்திலேயே மிகச் சந்தோஷமான மனிதனாக மூச்சு விட்டான்.

கூட்டம் யாரைத் திட்டியது என்கிறீர்கள்? கஸிமிரை இல்லை. வாசலில் ஒரு பெரிய மனுஷி ஹெர்மினேயை மறித்துக்கொண்டாள்.

"எங்க நிம்மதியைக் கெடுத்துட்டீங்களே! இனிமே நான் வியாழக்கிழமை சாயந்தரம் எங்க போவேன்?"

"கச்சேரிக்குப் போங்க, அம்மணி," என்றாள் ஹெர்மினே. "அங்க உயிரோட இருக்கிறவங்க வாசிப்பாங்க."

ரேசியின் பியானோ மாடியிலேயே இருந்தது. ஜூனில் அவள் தேர்வில் தேறினாளா? இல்லை. இடது கை போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு வருடம் இடது கையை மட்டும் பிழிந்தெடுத்தாள் ஹெர்மினே. மறு ஜூனில் ரேசி தேறினாள். நடுவில் அவள் பிறந்த மாதம் மாறிவிடவில்லை.

ஆல்பினுக்கு வேலை போகவில்லை. பத்திரிகை ஆசிரியருக்கு இப்படி ஒரு கேலிப்பொருள் வேறெங்கே கிடைக்கும்? வழியில் பார்க்கிறவர்கள் தொப்பியைத் தூக்கி, "வோண்ட்ராக்கோட மூணாவது தொகுதி எப்ப வருது, டாக்டர் ஐயா?" என்று கேட்டார்கள். "எழுதிட்டு இருக்கார். கரிக் கை, பேப்பர் அழுக்காயிடுது," என்று அவரும் தொப்பியைத் தூக்குவார்.

அந்த வருடம் மே மாதமே, மண்டபத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, காது மடலின் வடிவத்தைப் பார்த்துக் குழந்தை என்ன வாத்தியம் படிக்க வேண்டும் என்று சொல்கிற ஒரு சீமாட்டி கடை விரித்தாள். தெருமுனைவரை வரிசை. அழுத மேஜர் முதல் ஆளாக நின்றார். ஆல்பின் அதைப் பார்த்துவிட்டு வந்து அன்றைய பத்தியை எழுதினார். அதன் முடிவை மட்டும் இங்கே தருகிறேன்; ஒரு முட்டாள் சொந்தச் செலவில் கற்றது, உங்களுக்கு இலவசம்:

"தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். எல்லாம் தெரியும் என்று சொல்கிறவனிடம், எப்படித் தெரியும் என்று கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் இந்த இரண்டுக்கும் டிக்கெட் கிடையாது, மடையர்களே. நானும் வரிசையில் நின்றவன்தான்; அந்த உரிமையில் திட்டுகிறேன்."